முதல் குண்டு கணக்கில் இல்லை

துப்பாக்கியைப் பழுது பார்க்கக் கொண்டுவருகிறவர்களை ஸ்பேனரக்கா முதலில் வெளியே போகச் சொல்லிவிடுவாள். "சொந்தக்காரங்க பக்கத்துல நின்னா துப்பாக்கி நடிக்கும்" என்பது அவள் கட்சி. அந்தத் துப்பாக்கி சுடும் கிளப்பில் பத்தொன்பது வருடமாகப் பழுது பார்ப்பது அவள் ஒருத்திதான் என்பதால், அந்தக் கட்சிக்கு எதிர்க்கட்சி கிடையாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை மேஜைமேல் கிடந்த துப்பாக்கியின் சொந்தக்காரி, அவளுக்கும் சொந்தக்காரி. தம்பி மனைவி. போ என்று சொல்வதற்கு முன்பே, துப்பாக்கியை வைத்துவிட்டு அவளாகவே போயிருந்தாள். தம்பி போய் எண்பத்துமூன்று நாள் ஆகியிருந்தது. வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்த மேனிக்கே போய்விட்டான், நாற்பத்தோரு வயதில். கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் தோளைத் தட்டி, "சார், இறங்குங்க" என்று மூன்று முறை சொன்னாராம்.

அதற்குப் பிறகு இந்த இரண்டு பெண்களும் பேசிக்கொண்டதெல்லாம் சாவி, சான்றிதழ், பென்ஷன் விண்ணப்பம் என்று காகித விவகாரம்தான். சண்டை ஒன்றும் இல்லை. ஒருத்தி மற்றவள் முகத்தைப் பார்த்தால் எதையாவது காட்ட வேண்டியிருக்கும், காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இல்லை, அதுதான் சங்கடம். ஸ்பேனரக்கா ஐந்தாம் நாளே வேலைக்கு வந்துவிட்டாள். இரும்பு மனுஷி என்று கிளப்பில் எல்லோரும் மெச்சிக்கொண்டார்கள். அவளும் அது உண்மை என்றே நம்பிவிட்டாள்.

தம்பி மனைவி ஆறு வாரம் கழித்துத் திரும்பி வந்தாள். பத்து மீட்டர் தூரத்தில், பொட்டு அளவே இருக்கும் நடுப்புள்ளியைச் சுடும் பிரிவில் அவள் அந்தக் கிளப்பின் மூன்றாவது இடத்தில் இருந்தவள். வந்த நாளிலிருந்து குண்டு உயரே போனது. எல்லாக் குண்டும் அப்படிப் போயிருந்தால் குறி பார்க்கும் துளையை ஒரு திருகு திருகிச் சரிசெய்துவிடலாம். ஆனால் நாலு குண்டு ஒழுங்காக நடுவில் விழும், ஐந்தாவது ஏறும், பிறகு இரண்டு நல்லது, மறுபடி ஒன்று ஏறும். எந்தக் கணக்குக்கும் பிடிபடாமல் ஆட்டம் காட்டியது.

கோச்சுக்கு மட்டும் ஒரு கணக்குப் பிடிபட்டது. அவர் நல்ல மனிதர், ஒருவரைக் கடிந்துகொள்வதற்கு முன் தண்ணீர் கொடுத்து உட்காரவைக்கிற ரகம். ஒரு வாரம் பின்னால் நின்று கவனித்துவிட்டு, அவள் எப்போது நேரம் எடுத்துக்கொண்டு சுடுகிறாளோ அப்போதுதான் குண்டு ஏறுகிறது என்று கண்டுபிடித்தார். சட்டென்று சுட்டால் நடுவில் விழுகிறது. யோசித்தால் தவறுகிறது. தயக்கம், மனசு சரியில்லை, பாவம், வேறென்ன சொல்ல என்று அவர் எல்லோரிடமும் தணிந்த குரலில் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். எண்பது நாளுக்கு முன் புருஷனைப் பறிகொடுத்தவளுக்குக் கை நடுங்குகிறது என்பதைப் புரிந்துகொள்ள யாருக்கும் பெரிய மூளை தேவைப்படவில்லை.

போட்டிக்குப் போகும் அணியில் நாலு பேர். பட்டியல் வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் போக வேண்டும். தேர்வானவர்கள் இரண்டு மாதம் வேறு ஊரில் முகாமில் தங்கிப் பயிற்சி எடுப்பார்கள். தம்பி மனைவிக்கு வேண்டியது அந்த இரண்டு மாதம்தான். வீட்டுக்கு வருகிறவர்கள் எதிரே உட்கார்ந்து, இவள் எப்போது உடைவாள் என்று தேநீர் ஆறும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதிலிருந்து தப்ப அவளுக்கு இருந்த ஒரே கதவு முகாம். துப்பாக்கியில்தான் கோளாறு என்று அவள் சொன்னதால், கோச் அதைப் பட்டறைக்கு அனுப்பியிருந்தார். ஸ்பேனரக்கா சொல்வதுதான் முடிவு என்றும் சொல்லியிருந்தார்.

அது காற்றுத் துப்பாக்கி. கீழே தொங்கும் சிலிண்டருக்குள் காற்று இருநூறு பார் அழுத்தத்தில் முறைத்துக்கொண்டிருக்கும். அதை அப்படியே அவிழ்த்துவிட்டால் முதல் குண்டு ஒரு வேகம், ஐம்பதாவது குண்டு ஒரு வேகம் என்று ஆகிவிடும். அதனால் சமையல் அடுப்புக்கு இருப்பதுபோல இதற்கும் நடுவில் ஒரு ரெகுலேட்டர் உண்டு. அழுத்தத்தைக் குறைத்து, ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அளவு காற்றை ஒரு சின்ன அறையில் நிரப்பி வைக்கும். அறை நிரம்பியதும் உள்ளே ஒரு வில்லை வழியை அடைத்துக்கொள்ளும். அவ்வளவுதான் விஷயம்.

ஸ்பேனரக்கா வழக்கப்படி துப்பாக்கியை இடுக்கியில் மாட்டினாள். வேகம் காட்டும் கருவியைக் குழலுக்கு முன்னால் வைத்தாள். ஒரே எடையுள்ள ஈயக் குண்டுகளைத் தராசில் நிறுத்துப் பதினொன்று எடுத்துக்கொண்டாள். சோதனைக்குப் பத்துக் குண்டு, பதினொன்றாவது முதல் குண்டுக்காக. முதல் குண்டைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது பழுது பார்க்கிறவர்கள் எல்லோருடைய பழக்கமும்தான். சும்மா கிடந்த துப்பாக்கி, முதல் குண்டில் கொஞ்சம் கோணங்கித்தனம் பண்ணத்தான் செய்யும், அதை எழுதிவைத்து என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிடுவார்கள். முதல் குண்டு நூற்று எண்பத்தாறு காட்டியது. அவள் அதைப் பார்த்தாள், எழுதவில்லை.

அப்புறம் பத்துக் குண்டை அடுத்தடுத்துச் சுட்டாள். நொடிக்கு நூற்று எழுபத்திரண்டு மீட்டர். நூற்று எழுபத்திரண்டு. நூற்று எழுபத்தொன்று. மறுபடி எழுபத்திரண்டு. பத்தும் வாலாட்டாமல் வந்தன. சாப்பாட்டுக்கு அப்புறம் இன்னொரு முறை, மாலையில் இன்னொரு முறை. ஒவ்வொரு முறையும் முதல் குண்டைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் துப்பாக்கி தங்கம். சிலிண்டர் கசிகிறதா, குழலின் திருகு தளர்ந்திருக்கிறதா, சுத்தியலின் ஸ்பிரிங் சோர்ந்திருக்கிறதா என்று ஒன்றுவிடாமல் பார்த்தாள். 'துப்பாக்கியில் குறை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். போடும்போது வருத்தமாக இருந்ததா என்றால், இல்லை. அவளுக்கு அப்போதெல்லாம் எதுவும் எப்படியும் இல்லை. தாளில் மை காய்ந்ததும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

புதன்கிழமை காலை கோச் பட்டியலில் தம்பி மனைவியின் பெயரை எடுத்துவிட்டு வேறொரு பெயரைப் போட்டார். மதியம் அவள் பட்டறை வாசலில் வந்து நின்றாள். கோபமாக வந்திருந்தால் சமாளித்திருக்கலாம். அவள் பேருந்து எண் கேட்பதுபோலக் கேட்டாள்.

"நான் ஒரு தடவை சுட்டுப் பாக்கட்டுமா, அண்ணி? அந்த மிஷினை முன்னாடி வெச்சுக்கிட்டு."

"பத்துப் பத்தா மூணு தடவை பாத்தாச்சு."

"நீங்க சுடற மாதிரி நான் சுடறதில்லையே."

ஸ்பேனரக்கா நாற்காலியை நகர்த்திக்கொண்டாள். தம்பி மனைவி தடித்த சட்டையை மாட்டி, பொத்தான்களைப் போட்டு, காலை அகட்டி நின்று துப்பாக்கியை எடுத்தாள். சுட்டாள். துப்பாக்கியைத் தாங்கியில் இறக்கிவைத்தாள். கண்ணை மூடினாள், மூச்சு விட்டாள், விரல்களை விரித்து மடக்கினாள். மறுபடி எடுத்தாள். கன்னத்தை வைத்தாள், பிடிக்கவில்லை, இறக்கினாள், மறுபடி எடுத்தாள். இரண்டாவது குண்டு போவதற்கு ஒன்றரை நிமிஷம் ஆயிற்று.

ஸ்பேனரக்காவுக்கு உட்கார்ந்திருக்க முடியவில்லை. எண்பது நாளாக அவள் எங்கேயும் ஒன்றரை நிமிஷம் கையைச் சும்மா வைத்துக்கொண்டு இருந்ததில்லை. சாப்பிடும்போது ஒரு கையில் எதையாவது துடைப்பாள். படுத்தால் தூக்கம் வரும்வரை ரேடியோவைப் பிரித்துப்போட்டு மாட்டுவாள். இப்போது துடைக்கத் துணிகூட எட்டவில்லை. கருவியின் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதில் நூற்று எழுபத்தொன்பது என்று இருந்தது.

அடுத்தது நூற்று எண்பது. அவசரமாகச் சுடச் சொல்லி ஒன்று பார்த்தாள், எழுபத்திரண்டு. இரண்டு நிமிஷம் நிற்கச் சொல்லி ஒன்று பார்த்தாள், நூற்று எண்பத்து மூன்று. அவளுக்குப் பயம் வந்தது. மூன்று நாளில் அவளுக்கு ஏற்பட்ட முதல் உணர்ச்சி அது என்று சொல்லலாம், மூன்று மாதத்தில் என்றும் சொல்லலாம். உள்ளே வில்லை சரியாக அடைக்கவில்லை. நின்றால் அறைக்குள் காற்று துளித்துளியாக ஏறிக்கொண்டே இருக்கிறது. எவ்வளவு நேரம் காத்திருக்கிறாளோ அவ்வளவு அழுத்தம், அவ்வளவு வேகம், அவ்வளவு உயரம். அடுத்தடுத்துச் சுட்டால் ஏறுவதற்கு நேரமே இருக்காது. துப்பாக்கி ஒவ்வொரு முறையும் முதல் குண்டில் ஒழுங்காகப் புகார் சொல்லியிருக்கிறது. அதைத்தான் அவள் எழுதாமல் விட்டிருந்தாள்.

தம்பி மனைவி திரையை எட்டிப் பார்த்தாள். சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. துப்பாக்கியைத் தாங்கியில் வைத்துவிட்டு, சட்டையைக் கழற்றாமலே நின்றாள்.

"எல்லாரும் நான் உடைஞ்சு போயிருக்கேன்னு நினைக்கிறாங்க" என்றாள். "நான் உடையல, அண்ணி. எனக்கு ஒண்ணுமே தோணல. இவ்வளவு ஆடாம நான் ஜென்மத்துல நின்னதில்ல. இதை யார்கிட்ட போய்ச் சொல்றது? கை நடுங்குதுன்னா பாவம்னு சொல்லுவாங்க. நடுங்கலன்னா?"

எனக்கும் அதே கதைதான் என்று ஸ்பேனரக்கா சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் கூடப் பிறந்தவள் சொல்லக்கூடிய வார்த்தையா அது என்று தோன்றியது. நாளைக்குள் பிரித்துப் பார்த்துவிடுகிறேன், நீ போய்ச் சாப்பிடு என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

வியாழக்கிழமை காலையில் சிலிண்டரைக் கழற்றி, மிச்சக் காற்றை இறக்கி, ரெகுலேட்டரைப் பிரித்தாள். வில்லை சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இருக்காது, வெள்ளை பிளாஸ்டிக். பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்தபோது அதன் முகத்தில் ஒரு கீறல் தெரிந்தது. மயிரிழை என்பார்களே, அதற்கும் கொஞ்சம் குறைச்சல். தேய்மானத்தில் வருகிற கீறல் இல்லை. பக்கத்தில் இருக்கும் ரப்பர் வளையத்தை எடுக்கும்போது, பித்தளை ஊசியை எடுக்காமல் எஃகு ஊசியை எடுத்துக் குத்தினால் வருகிற கீறல். இந்த வேலையில் கைவைக்கிற முதல் நாளே இதைச் செய்யாதே என்று சொல்லித்தருவார்கள். அப்புறம் யாரும் செய்வதில்லை.

வெளியில் எவனோ கைவைத்திருக்கிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, தான் கடைசியாக எப்போது பிரித்தோம் என்று பார்க்கப் பதிவேட்டை எடுத்தாள். பழுது பார்த்த தேதி, துப்பாக்கி எண், செய்த வேலை, கையெழுத்து என்று வரிசையாகக் கட்டம் போட்ட பெரிய நோட்டு அது. இந்த எண்ணைத் தேடிப் பக்கத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். வருடாந்திரச் சுத்தம், ரெகுலேட்டர் பிரித்து வளையம் மாற்றப்பட்டது, சோதனை சரி. கையெழுத்து அவளுடையது. தேதி, தம்பி போன ஐந்தாம் நாள்.

அந்த நாளை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். காலையில் கதவைத் திறந்தது நினைவு இருந்தது. யாரோ தோளைத் தொட்டது நினைவு இருந்தது. இந்தத் துப்பாக்கியைப் பிரித்ததும் மூடியதும் இல்லவே இல்லை. அந்தப் பக்கத்திலும் அடுத்த பக்கத்திலுமாக மொத்தம் பதினோரு துப்பாக்கிகள் அவள் கையெழுத்தில் இருந்தன, எல்லாம் அந்த முதல் இரண்டு வாரத்தில். அதில் ஒன்றுகூட நினைவில் இல்லை. அழகான, நிதானமான கையெழுத்து வேறு. இரும்பு மனுஷி என்று ஊர் மெச்சிக்கொண்டிருந்தபோது அவள் இருந்த லட்சணம் இதுதான்.

புது வில்லை போட்டு, மாட்டி, காற்றை நிரப்பினாள். இந்தமுறை நிமிஷக் கணக்கில் நிறுத்தி நிறுத்தி, முதல் குண்டிலிருந்தே எழுதினாள். இருபது குண்டுக்கு ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஆயிற்று. எல்லாம் எழுபத்தொன்று, எழுபத்திரண்டுக்குள் அடங்கிவிட்டன. துப்பாக்கி சரியாகிவிட்டது. வில்லை தேய்ந்திருந்தது, மாற்றிவிட்டேன் என்று சொன்னால் போதும், யாரும் தோண்டித் துருவப் போவதில்லை. அந்த யோசனை அவளுக்கு வராமல் இல்லை. நல்ல யோசனையாகவும் பட்டது. இந்தப் பட்டறை போய்விட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது, அது அவளுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை எட்டரைக்கு கோச்சின் அறைக்கு இரண்டு தாள்களோடு போனாள். பழுதைச் சொன்னாள், வில்லை தேய்ந்திருந்தது என்றே சொன்னாள். கோச் எண்களைப் பொறுமையாகப் பார்த்தார். சரி, துப்பாக்கியிலும் கோளாறு இருந்திருக்கிறது என்றார். அந்த 'உம்' அவளுக்கு உறைத்தது. அவர் குரலைத் தணித்துக்கொண்டு தொடர்ந்தார். கோளாறு ஒருபக்கம் இருக்கட்டும், அந்தப் பெண்ணும் சரியான நிலையில் இல்லை, இருக்கவும் முடியாது, யாராலும் முடியாது. வீட்டில் இருந்து கொஞ்சம் அழுது தீர்த்துவிட்டு அடுத்த வருடம் வரட்டும், அவளுடைய நல்லதுக்குத்தான் என்றார். முகத்தில் கள்ளம் இல்லை. உண்மையாகவே அவள் நல்லதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார், அவரை எதிர்த்துப் பேசுவது அதனாலேயே கஷ்டமாக இருந்தது.

ஸ்பேனரக்கா திரும்பிப் பட்டறைக்குப் போனாள். பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள்.

"தேய்ஞ்சது இல்ல சார். நான் கீறினது. தேதியைப் பாருங்க."

அவர் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"அவ ஒழுங்காதான் சுட்டிருக்கா. எவ்வளவு நேரம் நின்னாளோ அவ்வளவு மேல போயிருக்கு, கோடு போட்ட மாதிரி. கை ஆடியிருந்தா நாலு பக்கமும் போயிருக்கும். சரியில்லாம இருந்தது நான். எனக்கே அது தெரியல. யாரையாவது வீட்டுக்கு அனுப்பணும்னா என்னை அனுப்புங்க."

அவர் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தார். அவள் விரலால் மற்றப் பத்து எண்களையும் ஒவ்வொன்றாகக் காட்டினாள். இதையெல்லாம் எப்படிப் பிரித்தேன், எப்படி மூட்டினேன் என்று சத்தியமாகத் தெரியாது, இருநூறு பார் காற்றை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதினோரு பேர் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றாள். அதற்கு அப்புறம் கோச்சால் நல்ல மனிதராக இருக்க முடியவில்லை, பொறுப்பான மனிதராகத்தான் இருக்க முடிந்தது. மற்றப் பத்தையும் உடனே எடுத்துப் பூட்டச் சொன்னார். வெளியிலிருந்து ஆள் வந்து பார்த்து முடிக்கும்வரை பட்டறை மூடியிருக்கும் என்றார். அவளுக்கு இரண்டு மாதம் விடுப்பு. தம்பி மனைவிக்குப் பத்து மணிக்கு மறுதேர்வு, அறுபது குண்டு, நேரம் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். புது வில்லை போட்ட துப்பாக்கியை அவரே ஒருமுறை சோதித்துவிட்டுத் தருவதாகவும் சொன்னார். ஸ்பேனரக்கா பட்டறைச் சாவியைக் கொத்திலிருந்து கழற்றி மேஜைமேல் வைத்தாள். நின்று பார்த்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

பத்து மணிக்கு வீட்டில் இருந்தாள். வாடகைக்கு வந்து ஏழு வருடத்தில் அந்த நேரத்தில் அந்த வீட்டை அவள் பார்த்ததில்லை. சமையலறை ஜன்னல் வழியாக வெயில் பாத்திரம் கழுவும் தொட்டிவரை வந்திருந்தது. கீழ்வீட்டில் துணி துவைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ரேடியோ ஏற்கெனவே மூன்று முறை பிரிக்கப்பட்டு ஒழுங்காகப் பாடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினாள். உட்கார்ந்தாள். பதினோரு மணி ஆயிற்று. பதினொன்றரை ஆயிற்று. எழுந்து எங்கே போவது என்று தெரியாததால் உட்கார்ந்தே இருந்தாள்.

போன் வந்தபோது பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருந்தது.

"முடிஞ்சுது, அண்ணி. ஒண்ணுகூட மேல போகல. பேர் போட்டுட்டாங்க."

"சரி."

தம்பி மனைவி வைக்கவில்லை. கோச் பதிவேட்டு விஷயத்தைச் சொன்னதாகச் சொன்னாள். நீங்கள் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்றோ, சொன்னதற்கு நன்றி என்றோ சொல்லவில்லை. பின்னால் யாரோ அவளை வாழ்த்திவிட்டுப் போகும் சத்தம் கேட்டது.

"நீங்க என்ன பண்றீங்க?"

ஸ்பேனரக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்றுதான் சொல்ல நினைத்தாள். வந்தது வேறு.

"அவன் செத்துட்டான்" என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. இந்த எண்பத்தாறு நாளில் அவள் அந்த வார்த்தையை ஒருவரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை. அவளிடம் பேசிய எல்லோருக்கும் அது முன்பே தெரிந்திருந்தது. புதுச் செய்தியைச் சொல்வதுபோல, அதுவும் அவன் பெண்டாட்டியிடமே சொல்லிவிட்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தாள்.



"ஆமா, அண்ணி" என்றாள் தம்பி மனைவி. "செத்துட்டார்."